சீருக்கு ஒரு சைக்கிள்

ஜூலை 20, ஞாயிறு

பம்பு செட் விற்பனையில் முப்பதாண்டு செங்கோல் செலுத்தியவனும், சூலூரிலிருந்து உடுமலை வரை உள்ள கிணறுகளையெல்லாம் பெயர் சொல்லி நலம் விசாரிக்கக் கூடியவனுமாகிய சென்னியப்பன் என்கிற நான், இன்று காலை உக்கடம் பழைய இரும்பு மார்க்கெட் மீது படையெடுத்தேன். ஆயுதம்: ஃபிரிட்ஜ் கதவில் வசந்தாமணி ஒட்டி வைத்திருந்த மாம்பழக் காந்தம். இலக்கு: வளைந்த கைப்பிடி வைத்த, ஸ்டீல் குழாயில் செய்த பழைய ரேஸ் சைக்கிள் ஒன்று. விலை என் சட்டைப்பையைப் பார்த்து இரக்கப்பட வேண்டும்.

என் தங்கை சுலோச்சனாவின் மகள் தாரணிக்கு ஆவணிக் கடைசியில் கல்யாணம். நான் தாய்மாமன். மேளம் இல்லாமல் கல்யாணம் நடக்கும். ஒரு நெருக்கடி என்றால் மாப்பிள்ளை இல்லாமல்கூட நடத்திவிடலாம். தாய்மாமன் சீர் இல்லாமல் நடந்தால் சூரியன் மேற்கில் உதித்துவிட்டு மறுநாள் லீவு போட்டுவிடும். சீராக என்ன வேண்டும் என்பதை அவள் முன்பே சொல்லிவிட்டாள்: "மாமா, தங்கத்தைத் தூக்கிட்டு வந்துறாதீங்க. பழைய ஸ்டீல் ரோடு சைக்கிள் ஒண்ணு, என்ற உசரத்துக்கு. அது அடி வாங்குனாலும் நிமித்திக்கலாம், உடைஞ்சா வெல்டு வெச்சுக்கலாம். நான் கெழவி ஆனாலும் ஓடும்."

ஒரு சின்ன விஷயம். கல்யாணத்துக்கு என்னை இன்னும் அழைக்கவில்லை.

தங்கையும் அவள் வீட்டுக்காரர் தங்கமுத்துவும் வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் வந்து கூப்பிட்டால்தான் மாமன் சீர் தூக்க முடியும். அழைக்காமல் போனால் அவன் மாமன் இல்லை, பந்திக்கு வந்தவன். ஆனால் இப்போது ஆடி. ஆடியில் எவன் அழைக்க வருவான்? எனவே எனக்குக் கவலை கிடையாது. காலையில் அடிக்கடி வாசலுக்குப் போனது பேப்பர்காரனைப் பார்க்க.

உக்கடத்தில் ஒரு வண்டி அகப்பட்டது. காந்தம் கச்சென்று ஒட்டியது. ஆனால் கைப்பிடிக்குக் கீழே, சாய்வுக் குழாயின் அடியில் விரலை ஓட்டினால் பெயிண்ட் சுருங்கி மேடு தட்டியது. எங்கேயோ மூக்கு மோதிய வண்டி.

"அண்ணே, ராஜா மாதிரி வண்டி, விட்றாதீங்க" என்றார் கடைக்காரர்.

"ராஜாதான் பாய். போர்ல செத்த ராஜா."

ஜூலை 23, புதன்

மின் கட்டணம் கட்டினேன். தண்ணீர் மோட்டாருக்கு கிரீஸ் வைத்தேன். தேவையில்லைதான், இருந்தாலும் வைத்தேன். மத்தியானம் வசந்தாமணி போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க, சித்திரையில நடந்த நிச்சயதார்த்தத்துப் படம் இப்பத்தான் அனுப்பியிருக்கறாங்க பாருங்க. தாரணிக்கு அந்தப் பச்சை எப்படி எடுப்பா இருக்குது! மாப்பிள்ளை பேரு..."

நான் காதைப் பொத்திக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். என்னை அழைக்காமல் நிச்சயம் செய்யப்பட்ட மாப்பிள்ளையின் முகத்தை நான் பார்க்க வேண்டிய கட்டாயம் என்ன? அழைக்கட்டும், பார்க்கிறேன். அதுவரை அவனுக்கு முகமும் இல்லை, பெயரும் இல்லை.

"உங்க வாயாலதான் இத்தனையும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அபாண்டம். தை மாதத்தில் வேறொரு மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலாகத் தாரணியைப் பார்க்க வந்தபோது நடந்ததைச் சரித்திரம் தெரிந்துகொள்ளட்டும். பெண்ணுக்கு என்னவெல்லாம் தெரியும் என்று அந்த அம்மாள் கேட்டார். சமையல் தெரியும் என்று சொல்வது ஒரு மாமனுக்கு அழகா? கல்லட்டி மலைப்பாதையில் எங்கள் பெண் சைக்கிள் ஏறிப் போனாள், குறுக்கே நின்ற ஒற்றை யானை அவளைப் பார்த்ததும் ஒதுங்கித் தும்பிக்கையைத் தூக்கி சல்யூட் அடித்தது என்றேன். அவள் கல்லட்டி ஏறியது நிஜம். யானைச் சாணத்தைப் பார்த்தது நிஜம். சாணத்துக்கும் யானைக்கும் நடுவே கொஞ்சம் தூரம் இருந்தது, அதை நான் குறைத்தேன், அவ்வளவுதான். "எங்களுக்கு அடக்கமான பொண்ணுதானுங்க வேணும்" என்று அந்த அம்மாள் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

தங்கமுத்து அன்று சொன்னது: "மச்சான், இனி உங்க வாய் என்ற வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது."

வாய் தனியாகப் போக முடியாதாகையால் நானும் போகவில்லை. தாரணி போன் செய்தாள். "அப்பனுக்குத் தெரியாம என்ற கூடப் பேசாதே அம்மிணி, அது உனக்கு மரியாதை இல்லை" என்று வைத்துவிட்டேன். அப்புறம் அவள் பேசவில்லை. சொன்னதைக் கேட்கிற பிள்ளை.

ஜூலை 27, ஞாயிறு

திருப்பூர். விளம்பரத்தில் "அசல் இத்தாலி ஸ்டீல்" என்று போட்டிருந்தான். பஸ்ஸில் நின்றபடியே போனேன். குழாயில் காந்தத்தை வைத்தேன், மாம்பழம் வழுக்கித் தரையில் விழுந்தது. அலுமினியம்.

"இத்தாலில காந்தம் ஒட்டாதுங்க" என்றான் பயல்.

என்னையே மிஞ்சுகிறவனைக் கண்டால் எனக்கு ஒரு பணிவு வந்துவிடும். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. வசந்தாமணி சித்திரான்னம் கிளறினாள். தாரணிக்குப் பிடித்த எலுமிச்சை சாதம் மட்டும் ஒரு ஊருக்கே ஆகிறாற்போல் இருந்தது. ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சைக்கிளுக்கு ஆளின் கால் உயரம்தான் முதல் கணக்கு. வண்டிக்கு இருபுறமும் காலூன்றி நின்றால் மேல்குழாய் இடிக்கக் கூடாது. தாரணியும் வசந்தாமணியும் ஒரே உயரம். பக்கத்து வீட்டு சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தி, தேவியே, கொஞ்சம் இதன்மேல் எழுந்தருள வேண்டும் என்றேன்.

"இந்த வயசுல என்னைத் தெருவுல கம்பி மேல நிக்க வெக்கறீங்களா? உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு இது ஒண்ணுதான் பாக்கி!"

ஒட்டடைக் குச்சியில் அளவெடுக்க மட்டும் சம்மதித்தாள். அதுவும் கதவைச் சாத்தி. பிறகு, அடுப்படியிலிருந்து குரல்: "அவங்க கூப்புடலைன்னா அந்த சைக்கிளை என்ன பண்ணுவீங்க?"

குச்சியை அறுக்கிற சத்தத்தில் எனக்குக் காதில் விழவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெற்றி! வெற்றி முரசு கொட்டட்டும்! இந்தக் கையெழுத்து கோணலாக இருந்தால் காரணம் கை அல்ல, தொடை.

சிங்காநல்லூரில் லில்லி புஷ்பம் என்கிற ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மாள் வீட்டில் ஒரு வண்டி இருப்பதாகப் பழைய மில் நண்பர் ஒருவர் சொன்னார். அந்த அம்மாளின் கணவர் வேலை பார்த்த மில்லுக்கு மெஷின் பூட்ட வந்த வெளிநாட்டு இன்ஜினீயர் ஒருவன், ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். போய்ப் பார்த்தால், பெருமக்களே, சுவரில் ஆணி அடித்து ஒரு மயிலைத் தொங்கவிட்டிருந்தார்கள். நீலம். குழாய்கள் சேரும் இடங்களில் கோயில் தூண்போல் வெட்டி இழைத்த பூட்டு வேலை. காந்தம் தாய்வீடு கண்ட மருமகளைப் போல ஒட்டிக்கொண்டது. பெயிண்டில் சுருக்கம் இல்லை. சீட் கம்பி துருவேறி இறுகியிருக்குமோ என்று பயந்தேன், திருகினதும் முரண்டு பிடிக்காமல் எழுந்து வந்தது. குச்சியை வைத்தேன். மேல்குழாய்க்கும் குச்சி நுனிக்கும் இரண்டு விரல் இடைவெளி. தாரணிக்காகவே அந்த வெள்ளைக்காரன் விட்டுப்போயிருக்கிறான்!

இந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல்: "ஆன்ட்டி, போன்ல பேசினனே, சைக்கிள் பாக்க..."

ஒரு இளைஞன். கண்ணாடி போட்டு, கையில் அளவு டேப் வைத்துக்கொண்டு.

லில்லி அம்மாள் எங்கள் இருவரையும் பார்த்தார். "ரெண்டு பேரையும் வரச் சொல்லிட்டேன் போல. நீங்களே பேசி முடிவு பண்ணிக்கோங்க, எனக்கு அடுப்புல பருப்பு கிடக்கு" என்று உள்ளே போய்விட்டார்.

"நீங்களா ஓட்டப் போறீங்க அய்யா?" என்றான் பயல், என் வேட்டியைப் பார்த்து.

"நீயா? உன்ற காலுக்கு இது பொம்மை வண்டி தம்பி."

"எனக்கில்லைங்க. நான் கட்டிக்கப் போற பொண்ணுக்கு. மலையெல்லாம் ஏறுவாங்க. இந்த சைசுல ஸ்டீல் ஃபிரேம் கெடைக்கறதே இல்லீங்க. நாலு மாசமா அலையறேன்."

ஊரில் இப்போது எல்லாப் பெண்களுமே சைக்கிளில் மலை ஏறக் கிளம்பிவிட்டார்கள் போலும். பயல் விடுவதாக இல்லை. குழாயைத் தடவுகிறான், விரலால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஆட்டம் பார்க்கிறான், விஷயம் தெரிந்தவன். விலையில் அவனோடு மோதினால் எனக்குத் தோல்வி. அவன் சட்டைப்பை என்னுடையதைவிட இளமையாக இருந்தது. எனவே என்னிடம் உள்ள ஒரே படைக்கலத்தை எடுத்தேன். உப்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் விழுந்துவிட்டது.

"தம்பி, இது என்ற தங்கச்சி மகளுக்கு. டாக்டருங்க கையை விரிச்சுட்டாங்க. ஆவணியைத் தாண்டாதுன்னுட்டாங்க. படுத்த படுக்கையில இருந்துட்டு, மாமா, ஒரே ஒரு தரம் ஸ்டீல் சைக்கிள்ல ஏறி உக்காந்துட்டா நிம்மதியாப் போயிருவேன்னு சொல்லுது. அந்தப் புள்ளைக்கு..."

இங்கே அளவுக் குச்சியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தேன். அதுமட்டும் நடிப்பில்லை, எப்போது அணைத்தேன் என்று தெரியவில்லை.

பயலின் கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் நின்றது. டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டான். "நீங்களே எடுத்துக்கங்க அய்யா. டயர் ரெண்டும் வெடிப்பு விட்டிருக்கு, பழைய அளவு, சீக்கிரம் கெடைக்காது. நான் தேடித் தர்றேன். நம்பர் குடுங்க."

கொடுத்தேன். சொன்ன சொல் அப்போதுதான் என் காதிலேயே விழுந்தது. ஆனால் பம்பு விற்றவனுக்கு ஒரு விதி தெரியும்: கையெழுத்து விழுகிற நேரத்தில் வாயைத் திறக்கக் கூடாது. லில்லி அம்மாளும் பருப்பு தீயும் அவசரத்தில் விலையில் இறங்கி வந்தார்.

வேட்டியை மடித்துக் கட்டி, திருச்சி ரோட்டில் சூலூர் வரை நானே மிதித்து வந்தேன். வெடிப்பு விட்ட டயரில் மெதுவாகத்தான். லாரிகள் வழிவிட்டன. ஒரு பஸ் டிரைவர் எழுந்து நின்று கும்பிட்டார். (திட்டினார்.)

ஆகஸ்ட் 11, திங்கள்

சோறு இறங்கவில்லை. நேற்றைய வெயில்.

ஆகஸ்ட் 13, புதன்

மண்ணெண்ணெய் போட்டு செயினைக் கழுவினேன். பிரேக் கட்டை மாற்றினேன். கியர் மாற்றுகிற பொடி நெம்புகோல் இரண்டும் சாய்வுக் குழாயிலேயே இருக்கிறது, குனிந்துதான் மாற்ற வேண்டும். வெள்ளைக்காரனுக்கு எதிலும் அடக்கம் அதிகம்.

வசந்தாமணி ஒரு கையால் வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள்.

"இவ்வளவு லேசாவா சீர் கொண்டு போறது? நாலு பேரு சிரிப்பாங்க. ஒரு கேரியராச்சும் மாட்டுங்க. ஸ்டேண்டும் வெல்டு வெச்சுக்கலாம்."

"அடிப்பாவி! லேசா இருக்கத்தான் இவ்வளவு அலைச்சல்!"

"அப்ப ரெண்டு பக்கமும் தேங்காய் மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போங்க." சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் ஒன்றைக் கைப்பிடியில் கட்டினாள். கட்டிவிட்டு நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. விடியும் முன்பே வாசல் தெளித்தாயிற்று. வெள்ளை வேட்டி கட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பேப்பர் படிக்கத்தான். தலைகீழாகப் பிடித்திருப்பதாக வசந்தாமணி சொன்னாள்.

பத்து மணி வாக்கில் தங்கமுத்துவின் கார் எங்கள் தெருமுனையில் வந்து நின்றது. எனக்கு எழுந்து நிற்கத் தோன்றியது, எழுந்தேன். கார் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு பின்னால் எடுத்துத் திரும்பிப் போய்விட்டது.

டயரில் காற்று பார்த்திருப்பார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

யாரும் இல்லை.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேராகவே எழுதுகிறேன்.

அந்தப் பயல் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருந்தான். எழுத்து சிறியதாக இருக்கவே வசந்தாமணியைப் படிக்கச் சொன்னேன். அவள் உரக்கப் படித்தாள்: "அய்யா, டயர் கெடைச்சிருச்சு. உங்க தங்கச்சி பொண்ணு இப்ப எப்படி இருக்காங்க? என் வருங்கால மனைவிகிட்ட சொன்னேன். ரொம்ப அழுதுட்டாங்க. அவங்க நல்லாகணும்னு மருதமலைக்கு வேண்டிக்கிட்டிருக்காங்க. கல்யாணத்துக்கு முன்னாடி மலை ஏறி வந்து முடிச்சுடறேன்னு சொல்றாங்க."

"எந்தத் தங்கச்சி பொண்ணு? யாருக்கு என்ன?" என்றாள் வசந்தாமணி. அப்புறம் அவன் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன வட்டப் படத்தை விரலால் தொட்டுப் பெரிதாக்கினாள்.

அந்தப் பயல் கண்ணாடியோடு சிரிக்கிறான். பக்கத்தில் பச்சைப் பட்டில் தாரணி.

"ஏனுங்க, இது நம்ம மாப்பிள்ளை கோகுல்நாத்துங்க. இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவள் திட்டவில்லை. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, "கல்யாணம் வெச்ச புள்ளைங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

தாரணி தனக்காகவே வேண்டிக்கொண்டு மலை ஏறப் போகிறாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இருகூர் புறப்பட்டேன். மாப்பிள்ளை வீடு அங்கேதான். ஏறி ஓட்டவில்லை.

"போன்ல சொல்லிட்டா ஆகாதுங்களா?" என்று வசந்தாமணி கேட்டாள்.

ஆகாது. கெட்ட சொல் ஒருத்தர் முகத்துக்கு நேரே விழுந்தால், அதே முகத்துக்கு நேரே நின்றுதான் எடுக்க வேண்டும். எங்கள் பக்கம் வழக்கம் அது. அதுவும் கல்யாணப் பெண்ணின் உயிர்மேல் விழுந்த சொல்.

வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். கோகுல்நாத் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தான். "அய்யா! இங்க எப்படி... அவங்களுக்கு ஏதாச்சும்..." முகம் வெளுத்துவிட்டது. அவனுக்குப் பின்னால் நாற்காலியில் இருந்து ஒருவர் எழுந்தார். தங்கமுத்து.

முப்பதாண்டு எனக்குச் சோறு போட்ட அலங்கார பாஷையை வாசலிலேயே விட்டுவிட்டுச் சொன்னேன்.

"தம்பி, நான் தாரணிக்குத் தாய்மாமன். என்ற தங்கச்சி மகளுக்கு ஒண்ணுமில்லை. நல்லா இருக்கறா. நான் உங்ககிட்டச் சொன்னது பொய். சைக்கிளுக்காகச் சொன்னேன்."

பந்தல்காரர் தன் கம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோகுல்நாத்துக்குப் புரிய நேரம் பிடித்தது. "அப்போ... அந்தப் பொண்ணு..."

"தாரணிதான். அவ உசிருமேல நான் வாய் வெச்சுட்டேன். எடுத்துக்கறதுக்கு வந்தேன். நூறு வருசம் இருப்பா. வண்டியை நீங்களே அவளுக்குக் குடுத்துருங்க. நீங்கதான் முதல்ல தேடுனது." சுவரில் சைக்கிளைச் சாய்த்தேன். எலுமிச்சம்பழம் கைப்பிடியிலேயே இருந்தது, அதை அவிழ்க்க மறந்திருக்கிறேன்.

திரும்பினேன். தங்கமுத்து வழியில் நின்றார்.

"மச்சான். இதைச் சொல்லாம விட்டிருந்தீங்கன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. என்ற முன்னாலயா வந்து சொல்லோணும்?"

"நீங்க இருப்பீங்கன்னு தெரியாது மாப்ள."

"தெரிஞ்சிருந்தா?"

கொஞ்சம் யோசித்தேன். "பந்தல்காரர் போன பொறகு வந்திருப்பேன்."

அவர் சிரித்தாரா, இருமினாரா என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆவணி ஒண்ணாந்தேதி உங்க தெருமுனை வரைக்கும் வந்தேன். சுலோச்சனா தட்டை மடியில வெச்சுட்டு எறங்கலாம் எறங்கலாம்னா. நான்தான் வண்டியைத் திருப்பிட்டேன். ஊடு வர்ற வரைக்கும் அவ என்ற கூடப் பேசலை. இன்னைக்கு வரைக்கும் பேசலை."

கோகுல்நாத் சைக்கிளைச் சுவரிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தான். "இதை இங்க விட்டுட்டுப் போகாதீங்க மாமா. சீரு உங்க வீட்டுல இருந்துதான் வரோணும். டயர் மட்டும் நான் மாட்டித் தர்றேன். தாரணிகிட்ட நீங்களே சொல்லிக்கங்க, நான் சொல்ல மாட்டேன். எனக்குப் பயமா இருக்குது."

மாமா என்றான். கேட்டுக்கொண்டேன்.

தங்கமுத்து செருப்பை மாட்டியபடி, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "நாளைக்குக் காலையில ஊட்டுல இருப்பீங்களா?"

"இருப்பேன்" என்றேன்.

ஆகஸ்ட் 23, சனி

வந்தார்கள். சுலோச்சனா தட்டை நீட்டினாள். வெற்றிலை ஒன்று கீழே விழுந்தது, தங்கமுத்து எடுத்து வைத்தார். வாங்கிக்கொண்டேன். தாரணியிடம் போய் நானே சொல்ல வேண்டியது மட்டும் பாக்கி.

வசந்தாமணி காபி கொண்டுவந்தாள். சர்க்கரை போட மறந்துவிட்டாள். எல்லோரும் கடைசிச் சொட்டு வரை குடித்தோம்.